திரும்பி வராத பறக்கும் படகு



கேமரன் மலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. தேயிலைச் சரிவுகளும் அவற்றின் மேல் படரும் பனிமூட்டமும்தான் தெரியும். என் வகுப்புப் பிள்ளைகளில் சிலர் இன்னும் கடலை நேரில் கண்டதில்லை. ஆயினும் நாம் வாழும் பகாங் மாநிலத்தின் கிழக்கு எல்லை தென்சீனக் கடல்தான். அந்தக் கடலின் மேற்கே சயாம் வளைகுடா இருக்கிறது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் காலை, அந்த வளைகுடாவின் வாயிலில் எட்டுப் பேர் தங்கள் விமானத்தோடு மறைந்து போனார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

பசிபிக் போர் எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஹவாயிலுள்ள பேர்ல் துறைமுகம் என்றே பலரும் விடை சொல்வார்கள். ஆனால் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையேறத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே. அதற்கும் பல மணி நேரம் முன்பு இறந்தவர்கள் இந்த எண்மர். ஜப்பானுடனான அந்தப் போரில் நேச நாடுகளின் தரப்பில் முதலில் மாண்டவர்கள் இவர்களே.

அவர்கள் சென்றது கேட்டலினா என்ற பறக்கும் படகு. படகு போன்ற அடிப்பகுதி கொண்ட விமானம் அது. நீரிலிருந்தே எழும்பும், நீரிலேயே இறங்கும். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 104 அடி. நமது பள்ளிகளில் பலவற்றின் கட்டடம்கூட அத்தனை நீளம் இராது! வேகம் மட்டும் குறைவு. வழக்கமாக மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் செல்லும். ஆனால் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வானில் இருக்க வல்லது. அதனால்தான் பரந்த கடலைச் சுற்றிக் காவல் பார்க்க அதனைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரின் செலேத்தாரில் இருந்த பிரிட்டிஷ் விமானப் படையின் 205-ஆம் பிரிவுக்கு இத்தகைய விமானங்கள் இருந்தன.

டிசம்பர் 4-ஆம் நாள் ஹைனான் தீவிலிருந்து ஜப்பானியப் படைக் கப்பல்கள் புறப்பட்டன. 6-ஆம் நாள் நண்பகலுக்குச் சற்றுப் பின்னர், கோத்தா பாருவிலிருந்து சென்ற ஆஸ்திரேலிய விமானி ராம்ஷா அவற்றைக் கண்டு செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு பருவமழை மேகம் கப்பல்களை மூடிக்கொண்டது. அவை மலாயாவுக்கு வருகின்றனவா, சயாமுக்குப் போகின்றனவா? அதுதான் தெரிய வேண்டும். அன்று மாலை செலேத்தாரிலிருந்து ஒரு கேட்டலினா கிளம்பியது. ஒன்றையும் காணாமல் திரும்பியது. இரண்டாவதாகச் சென்றது பேட்ரிக் பெடெல் என்ற இளம் அதிகாரியின் தலைமையிலான விமானம்.

காலை எட்டு மணி கடந்து சிறிது நேரத்தில், காமிகாவா மாரு என்ற கப்பலைச் சேர்ந்த ஒரு மிதவை விமானம் அதனைக் கண்டு தாக்கியது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஜப்பானியத் தரைப்படையின் போர் விமானங்கள் வந்து சேர்ந்தன. கேட்டலினாவைவிட மிக வேகமாகப் பறப்பவை அவை. பறக்கும் படகு கடலில் விழுந்தது. எவரும் பிழைக்கவில்லை. செலேத்தாருக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "சார், போன விமானம் வரலைன்னா, அங்கே எதிரி இருக்கான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் காலத்துத் தோட்டங்களில் காலைப் பெரட்டுக்கு ஓர் ஆள் வரவில்லை என்றால், கங்காணி லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார். காய்ச்சலா, ஊரை விட்டே போய்விட்டானா என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் கடலுக்குப் போன விமானம் வராததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். புயலாக இருக்கலாம், இயந்திரக் கோளாறாக இருக்கலாம், வானொலிக் கருவி பழுதாகியும் இருக்கலாம். தளபதி புரூக் போபமுக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. ஜப்பானியர் வருமுன் சயாமுக்குள் நுழைந்து சிங்கோராவைப் பிடிக்க ஒரு திட்டம் அவர் கையில் இருந்தது. அவசரப்பட்டு நுழைந்தால், நடுநிலை நாட்டின்மீது முதலில் படையெடுத்த பழி பிரிட்டனுக்கு வந்துவிடும். அவர் காத்திருந்தார். 7-ஆம் நாள் மாலை சில கப்பல்கள் மறுபடியும் கண்ணில் பட்டன. அப்போதும் ஆணை பிறக்கவில்லை. நள்ளிரவு கடந்ததும் கோத்தா பாரு கரையில் குண்டு முழங்கியது.

அவருடைய தயக்கத்திற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த மௌனத்தை ஒரு செய்தியாகப் படித்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கே மாதத்தில் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 4-ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பெர்ச்சலின் கேட்டலினா, ஜப்பானியக் கப்பற்படையைத் தெற்கே கண்டது. அதுவும் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆனால் அதற்குள் செய்தி கரை சேர்ந்துவிட்டது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்தன. ஏப்ரல் 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்படுவதற்கு முன்பும் அதே பிரிவின் மற்றொரு கேட்டலினா எதிரியைக் கண்டு செய்தி அனுப்பியது. அதிலிருந்தவர்களில் ஒருவரும் உயிர் தப்பவில்லை. பெர்ச்சல் இலங்கையைக் காத்தவர் என்று புகழப்பட்டார். பெடெலும் அதே வேலையைத்தான் செய்தார், அதே வகை விமானத்தில்தான் சென்றார். அவருடைய வானொலி பேசவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவீர்கள். கப்பல்களை முதலில் கண்ட ராம்ஷா, டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாரு கடலில் வீழ்த்தப்பட்டார். 10-ஆம் நாள் நமது குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கின. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் தோட்டந்தோட்டமாக நம்மவர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள்; பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

பெடெலுக்கும் அவருடன் சென்ற எழுவருக்கும் கல்லறை கிடையாது. பெயர் மட்டும் உண்டு. சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்தியப் படை வீரர்களும் அதில் அடக்கம். அதன் கூரையை விமானத்தின் இறக்கை போல அமைத்திருக்கிறார்கள். உறவினர் வீட்டுக்குச் சிங்கப்பூர் செல்லும் நேயர்கள் ஒரு காலைப் பொழுதில் அங்கே போய்வரலாம். விமானப் படையினரின் பெயர்கள் உள்ள சுவரில் தேடினால் இந்த எட்டுப் பெயர்களும் கிடைக்கும்.