பாடும்போதே மாறும் மனம்: இத்தாலிய நகைச்சுவை ஓபராவின் இயல்பு

  

1. வழக்கு

துறை நண்பர்களுடன் எனக்குள்ள நெடுநாள் வழக்கை இந்த அவையில் பலர் அறிவீர்கள். இத்தாலிய நகைச்சுவை ஓபரா கலகத்தில் பிறந்த கலை என்பது அவர்கள் கட்சி. வேலைக்காரி எசமானை வெல்கிறாள், பணியாள் பிரபுவை மடக்குகிறான். அதனால் அது பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னோடி என்பார்கள். கதையில் கலகம் இருப்பதை நான் மறுக்கவில்லை. கதை வேறு, கலைவடிவம் வேறு என்பதே என் வாதம். ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் மனம் மாறுவதை இசையாலேயே காட்டியதுதான் இவ்வடிவத்தின் இயல்பு.

அன்றைய பெருமித ஓபராவை நினைத்துப் பாருங்கள். அரசர்களும் வீரர்களும் பெரும்பாலும் காஸ்ட்ராட்டோக்களின், அதாவது சிறுவயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண் பாடகர்களின், உச்சக்குரலில் பாடினார்கள். ஆரியா எனும் தனிப்பாட்டு ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஓர் உணர்ச்சி. சினந்தவர் சினத்தையே பாடி, முதற்பகுதிக்குத் திரும்பி, அதை அணிசெய்து மறுபடி பாடி, மேடையை விட்டுப் போவார். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பாடத் தொடங்கியவரும் பாடி முடித்தவரும் ஒரே மனநிலையில்தான் இருந்தார்கள்.

2. ‘லா செர்வா பத்ரோனா’

1733-இல் நேப்பிள்ஸ் நகரின் சான் பார்த்தொலோமியோ அரங்கில், பெர்கொலேசியின் பெருமித ஓபரா ஒன்றின் அங்கங்களுக்கு இடையே அவரே இசையமைத்த ஓர் இடைநாடகம் நடந்தது. பெயர் ‘லா செர்வா பத்ரோனா’, அதாவது ‘எசமானியான வேலைக்காரி’. சொல் எழுதியவர் ஜென்னாரோ அந்தோனியோ ஃபெதெரிகோ. இரண்டே பகுதி, மூன்றே பாத்திரம், தந்தி வாத்தியங்களும் பாட்டின் அடியில் தொடர்ந்து ஒலிக்கும் தாழ்சுர இசையும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மணமாகாத எசமான் உபெர்த்தோவாக ஜோவாக்கினோ கொர்ராதோ பாடினார். குரல் பாஸ் எனும் கனத்த தாழ்குரல். வேலைக்காரி செர்ப்பினாவாக லௌரா மொந்தி. மூன்றாமவன் பணியாள் வெஸ்போனே, அவனுக்குப் பாட்டே கிடையாது, பேச்சும் கிடையாது.

திரை எழும்போது, மூன்று மணி நேரமாக வராத சாக்லேட் பானத்துக்காக உபெர்த்தோ காத்திருக்கிறார். வெளியே கிளம்பப் பார்த்தால் செர்ப்பினா விடமாட்டேன் என்கிறாள். அவர் பொருமிப் பாடும் ஆரியாவைக் கேளுங்கள். நீண்ட சங்கதி ஏதுமில்லை. இரண்டு சுரம், ஒரு நிறுத்தம். மீண்டும் இரண்டு சுரம். மேலே ஓடிக் கீழே விழுகிற அந்தக் குரலில், வாய்ச்சண்டையில் தோற்றுக்கொண்டிருக்கும் மனிதனின் மூச்சு அப்படியே கேட்கிறது.

நான் இதுவரை எண்ணற்ற முறை கேட்டும் அலுக்காத பாட்டு இரண்டாம் பகுதியில் வருகிறது. கேப்டன் தெம்பெஸ்தா என்ற முரட்டுப் படைவீரனை மணக்கப்போவதாகச் சொல்லி, செர்ப்பினா விடைபெறுகிறாள். மெல்லிய நடை, என்னை என்றாவது நினைப்பீர்களா என்று கேட்கும் உருக்கம். கண்ணீர் வரும் தறுவாயில் நடை சட்டென்று துள்ளுகிறது. எசமான் இளகத் தொடங்கிவிட்டார் என்று அவள் நம் பக்கம் திரும்பிச் சொல்கிறாள். மறுபடி உருக்கம், மறுபடி துள்ளல். ஒரே பாட்டில் இரண்டு நடை, இரண்டு முகம். இதிலே எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: அந்த உருக்கமான இசை பொய்யாக ஒலிக்கவில்லை. பெர்கொலேசி அதைக் கேலியாக எழுதவில்லை. அவள் நடிக்கிறாள், மனதாரவும் பாடுகிறாள்.

அடுத்து உபெர்த்தோ. குழம்பிப்போன அவர் வேகவேகமாகப் பாடுகிறார். திடீரென வேகம் அறுந்து, நீண்ட தாழ்ந்த சுரங்களில், உன்னைப் பற்றி நினை என்று தனக்குத்தானே எச்சரிக்கை சொல்லிக்கொள்கிறார். காதலும் அச்சமும் மாறிமாறி ஒரே தொண்டையில் வருகின்றன. பிறகு, மாறுவேடமிட்ட வெஸ்போனே படைவீரனாக வந்து நிற்கிறான். நாலாயிரம் ஸ்கூதி நாணயம் சீதனம் கொடு, அல்லது நீயே அவளை மணந்துகொள் என்ற மிரட்டலை, வாய் திறக்காத அவனுக்காகச் செர்ப்பினாவே சொல்கிறாள். உபெர்த்தோ மணக்கிறார்.

இப்போது நண்பர்களுக்கு என் கேள்வி. கதைதான் புதுமை என்றால், இதே கதை 1708-லேயே வெனிஸில் அல்பினோனியின் ‘பிம்பினோனே’யாக வந்துவிட்டதே? அங்கும் வேலைக்காரி எசமானை மணக்கிறாள். 1752-இல் பாரிஸில் ‘லா செர்வா பத்ரோனா’ நடந்ததும் இத்தாலிய இசையா பிரெஞ்சு இசையா என்று நகரமே கட்சி பிரிந்தது. அந்தப் பூசலில் தத்துவஞானி ரூஸோ எழுதியதும் இசையைப் பற்றித்தான். செர்ப்பினா எசமானின் வீட்டை இடிக்க வரவில்லை, அதில் குடியேற வந்தாள். பார்த்தவர்களைப் புரட்டியது இசை.

3. தொடர்ச்சி

பெர்கொலேசிக்குப் பின், நாடகாசிரியர் கொல்தோனியும் இசையமைப்பாளர் கலுப்பியும் அங்க முடிவில் பலர் சேர்ந்து பாடும் பகுதியை வளர்த்து, அதிலே கதையையும் நகர்த்தினார்கள். மோட்சார்ட்டின் ‘ஃபிகரோ’வில் (1786) இரண்டாம் அங்க முடிவு இருவர் பூசலில் தொடங்கி எழுவர் குழப்பத்தில் முடிகிறது, ஏறக்குறைய 20 நிமிடம், ஒவ்வொருவர் நுழைவிலும் மற்றவர் மனம் மாறுகிறது. அதன் மூல நாடகத்தை வியன்னாவில் மேடையேற்றத் தடை இருந்தது. ஓபராவுக்குச் சொல் எழுதிய தா பொந்தே, பிரபுக்களைச் சாடும் பணியாள் ஃபிகரோவின் நீண்ட பேச்சை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் பெண்களைக் குறைகூறும் ஆரியாவை வைத்தார். கலகத்தின் கூர்முனை போயும் ஓபரா நிற்கிறது. எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ரோசினியின் ‘செவில் நாவிதன்’ (1816), தொனிசெத்தியின் ‘தோன் பஸ்குவாலே’ (1843), எண்பதை எட்டும் வயதில் வெர்தி தந்த ‘ஃபால்ஸ்டாஃப்’ (1893) ஆகியவற்றையும் இவ்வழியே காட்டலாம். நேரமில்லை.

4. இனிச் செய்யவேண்டியவை

நேப்பிள்ஸ் வட்டார மொழியில் எழுந்த தொடக்ககால நகைச்சுவை ஓபராக்களை, குறிப்பாக இசையமைப்பாளர் வின்சியின் 1722-ஆம் ஆண்டுப் படைப்பை, யாராவது முறையாக ஆராயவேண்டும். கொர்ராதோ போன்ற பாஸ் பாடகர்களின் குரல் இசையமைப்பை எப்படி வடிவமைத்தது என்பது தனி ஆய்வு. பேசாப் பாத்திரங்கள் இன்னொன்று. ஓபராக் கலைச்சொற்களுக்குத் தமிழில் ஒரு சிறு அகராதி வேண்டும். இளைஞர்கள் எடுத்துச் செய்யுங்கள். முதலில் இன்றிரவே ‘லா செர்வா பத்ரோனா’வின் அந்த முக்கால் மணி நேரத்தைக் கேளுங்கள்; வழக்கைப் பிறகு பேசிக்கொள்வோம்.