குதிரையின் இதயமும் நரம்பும்



அமைதியாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 முதல் 40 முறை துடிக்கின்றது. முழு வேகத்தில் பாயும்பொழுதோ 200 முறைக்கும் மேல் துடிக்கின்றது. இம்மாற்றத்தை விளைவிப்பது எது? நரம்பு மண்டலமே.

கண்ணும் காதும் அபாயத்தை உணர்ந்தவுடன் மூளைக்குச் செய்தி செல்கின்றது. மூளையின் கட்டளை நரம்புகளின் வழியே வந்து இதயத்தை விரைவுபடுத்துகின்றது. மண்ணீரலைச் சுருங்கச் செய்கின்றது. அங்குச் சேமித்து வைக்கப்பட்டிருந்த சிவப்பணுக்கள் இரத்தத்தில் கலந்து, தசைகளுக்குப் பிராணவாயுவை மிகுதியாக எடுத்துச் செல்கின்றன.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை ஏறக்குறைய இல்லை. ஆயினும், ஒவ்வோர் அடியிலும் குளம்பு அழுந்தி இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நாள் முழுதும் கட்டிவைத்தால் குதிரையின் கால்கள் வீங்குவது இதனாலேயே.

இதயத்தின் விசையை மனிதன் குதிரையிடத்தும் அளந்திருக்கின்றான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார், ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குலம் எழுந்தது! 1733ஆம் ஆண்டு இதனை அவர் நூலாக வெளியிட்டார். அச்சோதனையில் அக்குதிரை உயிர் துறந்தது.

இன்று தாதியர் நம் கையில் பட்டையைச் சுற்றி, ஓரிரு நிமிடங்களில் அளப்பதும் அதே இரத்த அழுத்தந்தான். அறிகுறி ஏதுமின்றியே அது உயர்ந்திருக்கக்கூடும். ஆகவே அன்பர்களே, உடல் நலமாயிருக்கும்பொழுதே அதனை அளந்தறிந்து கொள்ளுங்கள்.