இருபத்தாறே கால் மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் பண்ணி, "நீயும் பேசணும்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் ஜெர்மனி, அமெரிக்கா என்று போய் வந்தவர்கள். நானோ படித்து முடித்த நாளிலிருந்து வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். ஷூ கம்பெனியில் புரொடக்ஷன் பிளானிங் பார்க்கிறேன். ஆகவே பெரிய விஷயம் எதையும் தொடாமல், எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எக்செல் ஷீட்டில் நேரத்தைக் கூட்டுவது எப்படி, கழிப்பது எப்படி என்பதுதான் அது.

பின் வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. "இதுவும் ஒரு விஷயமா" என்று நானும் நினைத்தவன்தான். 2013-ல் ஒரு அக்கா வந்து என் மேசைக்கு எதிரே நிற்கும் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது நான் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டைம் ஆபீஸில் ஓவர்டைம் கணக்கை லெட்ஜரில் எழுதி, கையால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்தக் காலத்துல இதையெல்லாம் யாராவது கையால கூட்டுவாங்களா" என்று சொல்லி, நானே ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம், வரியின் கடைசியில் மொத்தம். அதைப் பிரிண்ட் எடுத்துச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பினால், அவர்கள் பார்த்துப் பதிந்துகொள்வார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். நாலைந்து மாதம் ஒரு புகாரும் இல்லை.

பிறகு சீசன் வந்தது. வெளிநாட்டு ஆர்டரைத் தேதிக்குள் ஏற்றியாக வேண்டும். ஸ்டிச்சிங் லைனில் தினமும் சாயந்திரம் ஒன்றே கால் மணி நேரம் கூடுதல் வேலை. 7-ம் தேதி சம்பளம் போட்டார்கள். மறுநாள் காலை மாதனூர் பக்கத்திலிருந்து வருகிற ஒரு தையல் அக்கா, பையனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சார், இத்த கொஞ்சம் பாருங்க. எனக்கு இருபத்தாறே கால் மணி நேரம் வருது. சிலிப்புல ரெண்டே கால்னு போட்டிருக்கு."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கம்ப்யூட்டர்ல போட்டதுக்கா. அது தப்பு பண்ணாது" என்றேன்.

"கம்ப்யூட்டர் பண்ணாது சார். ஆனா நான் வேலை செஞ்சேனே" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 21 நாள், நாளுக்கு 1 மணி 15 நிமிடம். ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டு, பென்சிலால் குறித்திருந்தார். 21 தரம் 75 நிமிடம் 1575 நிமிடம். அறுபதால் வகுத்தால் 26 மணி 15 நிமிடம். அந்த அக்கா சொன்னது சரி. என் ஷீட்டில் 2:15. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 24 மணி. அந்த 24-ஐப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என்ன நடந்தது என்று தம்பிகளுக்குச் சொல்கிறேன். எக்செல் நேரத்தை மணியாக வைத்துக்கொள்வதில்லை. ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொண்டு, நேரத்தை அதன் பின்னமாக வைத்துக்கொள்கிறது. பகல் 12 மணி என்றால் அதற்கு 0.5. காலை 6 மணி 0.25. நம் தாத்தா காலத்து எண்சுவடிக் கணக்கில் சொன்னால் பகல் 12 மணி அரை, காலை 6 மணி கால், விடியற்காலை 3 மணி அரைக்கால், இரவு ஒன்றரை மணி மாகாணி. ஒரு நாளை 60 நாழிகையாகப் பங்கு போட்ட ஊருக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஒரு மணி என்பது ஒரு நாளில் 24-ல் ஒரு பங்கு, ஒரு நிமிடம் 1440-ல் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

ஆகவே அந்த அக்காவின் 21 கட்டத்தையும் எக்செல் சரியாகத்தான் கூட்டியிருந்தது. உள்ளே இருந்த விடை 1.09375. அதாவது ஒரு முழு நாளும், அதற்கு மேல் இரண்டே கால் மணியும். ஆனால் கட்டத்துக்கு நான் கொடுத்திருந்த வடிவம் கடிகார வடிவம். கடிகாரத்தில் 26 மணி என்று ஒன்று உண்டா? நள்ளிரவைத் தாண்டினால் அது மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அதனால் முழு நாளை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டியது. சம்பளப் பிரிவில் கண்ணில் பட்டதைப் பதிந்துகொண்டார்கள்.

இதற்கு மருந்து ஒரு வரிதான். மொத்தம் வருகிற கட்டத்தின் வடிவத்தில், மணியைக் குறிக்கிற 'எச்' எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பிறகு கோலன், இரண்டு 'எம்'. அப்படிப் போட்டால் "24-க்கு மேல் போனாலும் திரும்பாதே, எண்ணிக்கொண்டே போ" என்று அர்த்தம். 26:15 என்று காட்டும். கூலி போட வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தை 24-ஆல் பெருக்குங்கள், 26.25 வரும். அதன்பிறகு மணிக்கூலியால் பெருக்குங்கள். 24-ஆல் பெருக்காமல் நேரே கூலியால் பெருக்கினால், 26 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரச் சொச்சம்தான் கூலி வரும். இதையும் நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

இதில் இருக்கிற அநியாயத்தைக் கவனியுங்கள். 23 மணி நேரம் கூடுதலாக உழைத்தவருக்கு 23 மணிக்கும் காசு வந்தது. 25 மணி நேரம் உழைத்தவருக்கு ஒரு மணிக்குத்தான் வந்தது. யார் ரொம்பக் கஷ்டப்பட்டார்களோ அவர்களைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறது என் ஷீட். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 59-ம் பிரிவில் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த இரட்டிப்பு மாறவில்லை. அந்த அக்காவுக்கு அன்றைக்கு இரட்டிப்பு என்றால் மணிக்கு 50 ரூபாய். 24 மணிக்கு 1200 ரூபாய். பையனுக்குப் பள்ளிக்கூட பீஸ் கட்ட வைத்திருந்த கணக்கு அது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எல்லா மாதத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த மாதத்தில் 24 மணியைத் தாண்டியவர்கள் 38 பேர். அதற்கு மூன்று மாதம் முன்னால், கன்டெய்னர் ஏற்றிய பேக்கிங் ஆட்கள் 4 பேர். மேனேஜர் கோபப்பட்டார், ஆனாலும் அரியர்ஸ் போடச் சம்மதித்தார். பேக்கிங்கில் ஒருத்தரிடம், "ஏன்ணா, அப்பவே கேக்கக் கூடாதா" என்றேன். "கேட்டா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டா என்னா பண்றது சார்" என்றார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவரைப் பேரணாம்பட்டில் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டோம். இன்னொருவர் இன்று வரை கிடைக்கவில்லை. அவருடைய 24 மணி நேரம் என் கணக்கில் பாக்கி இருக்கிறது.

கூட்டலுக்குச் சொன்னேன், கழித்தலுக்கும் சொல்ல வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் ராணிப்பேட்டையில் டேனரியில் இருக்கிறான். அவனுக்கு டிரம் ஓடிய நேரம் வேண்டும். டிரம் ராத்திரி 9.40-க்குப் போட்டு, விடியற்காலை 5.10-க்கு நிறுத்துகிறார்கள். முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்தால் கட்டம் பூராவும் வெறும் ஹேஷ் குறி. ஏனென்றால் சின்ன பின்னத்திலிருந்து பெரிய பின்னத்தைக் கழிக்கிறோம், விடை மைனஸில் போகிறது, மைனஸ் நேரத்தை எக்செல் காட்டாது. 'மாட்' என்கிற ஃபார்முலாவுக்குள் அந்தக் கழித்தலை வைத்து, வகுக்கும் எண்ணாக 1 கொடுத்தால் போதும். ஒரு நாளைக் கூட்டிக்கொண்டு 7:30 என்று சரியாகச் சொல்லும்.

ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சுண்ணாம்பில் தோல் ஒன்றரை நாள் கிடந்தால், அதே மாட் 36 மணியை 12 மணியாக்கிவிடும். ஆகவே ராத்திரி தாண்டுகிற வேலைக்கு மணியை மட்டும் எழுதாதீர்கள், தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் சாதாரணக் கழித்தலே போதும், வித்தை எதுவும் வேண்டாம்.

இன்னொன்று நம் ஊர்ப் பழக்கம். எட்டரை மணியை நாம் 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவோம். இப்போது டிரம் கதை சொல்லும்போதுகூட என் வாயில் அப்படித்தான் வந்தது. பேச்சுக்கு அது சரி. ஷீட்டில் புள்ளி வைத்தால் அது நேரம் இல்லை, வெறும் எண். எட்டரையும் எட்டரையும் பதினேழு. புள்ளி வைத்தால் 16.60 என்று வரும். கோலன் போட்டால்தான் 17:00 வரும். பஞ்ச் மெஷினிலிருந்து எடுத்து ஒட்டுகிற நேரங்கள் சில சமயம் எழுத்தாக வந்து உட்கார்ந்துவிடும். பார்க்க நேரம் மாதிரியே இருக்கும், கட்டத்தில் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'சம்' அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

"அப்படியானால் கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதா அண்ணே" என்று ஒரு தம்பி கேட்கலாம். எக்செல்லின் நாட்காட்டியில் 60-ம் நாள் 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே கிடையாது. 1900 லீப் வருஷம் இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழை அது. அதன் ஃபைல்கள் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் இருக்கிறது. ஆகவே தெய்வ வாக்கு என்று எதையும் நினைக்க வேண்டாம்.

இந்தக் கதையில் நான் கற்றுக்கொண்டது எக்செல் அல்ல. அது பத்து நிமிடப் பாடம். கடிகாரம் காட்டுவது "எப்போது" என்பதை. கூலிக்கு வேண்டியது "எவ்வளவு நேரம்" என்பது. இரண்டையும் நாம் மணி, நிமிடம் என்று ஒரே மாதிரி எழுதுகிறோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நான் அதைக் கலந்துவிட்டேன்.

முதல் வரிசையில் எங்கள் மெஷின் டிசைன் சார் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பரீட்சையில் நான் விடையை 450 என்று எழுதி வைத்தேன். சிவப்பு மையால் வட்டம் போட்டு, "450 என்ன? ஆடா, மாடா? அலகு இல்லாத விடைக்கு மார்க் இல்லை" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. சார், அன்று நான் இழந்தது இரண்டு மார்க். அந்தப் பாடத்தை மறந்ததால் 42 பேர் ஆளுக்கு ஒரு நாள் கூலியை இழந்தார்கள்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஒரு ஷீட் போடுவீர்கள், இல்லை ஒரு புரோகிராம் எழுதுவீர்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஆளின் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். அதுவும் சராசரி ஆள் வேண்டாம். அதிக நேரம் உழைத்த ஆள், நள்ளிரவைத் தாண்டிய ஆள், இவர்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு அந்தக் கணக்கு யாருடையதோ அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். எங்கள் கம்பெனியில் அதற்குப் பிறகு சம்பளத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே ஓவர்டைம் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறோம். கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வருஷத்தில் ஓரிரண்டு தப்பு அப்படித்தான் பிடிபடுகிறது.

அந்த அக்கா இன்றும் அதே லைனில் இருக்கிறார். நோட்டு மட்டும் மாறியிருக்கிறது. போன மாதம் போர்டு பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சரியாக் கீது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாங்கிய சான்றிதழ்களில் எனக்கு அதுதான் பெரியது.

எனக்குக் கொடுத்த நேரத்தை நான் கூட்டிப் பார்க்கவில்லை, தாண்டியிருந்தால் மன்னிக்கவும்.