தவறுக்கும் கொஞ்சம் இடம்



2019 செப்டம்பர் 7, அதிகாலை. சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலவின் தரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியிருந்தன. பிழைமேல் பிழை சேர்ந்தது. அதைச் சரிக்கட்ட லேண்டர் சட்டென்று திரும்ப வேண்டும். அவ்வளவு வேகத்தில் திரும்ப மென்பொருள் அனுமதிக்கவில்லை. இறங்க வேண்டிய இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். தரை பக்கத்தில் வந்த பிறகும், அந்தச் சின்னச் சதுரத்தை எட்டிப்பிடிக்க விக்ரம் வேகத்தைக் கூட்டியது. தொடர்பு அறுந்தது.

அதன் பிறகு இஸ்ரோ செய்ததைத்தான் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். எதெல்லாம் தவறிப்போகலாம் என்று முதலில் யோசித்தார்கள். சென்சார் பழுதானால்? என்ஜின் கைவிட்டால்? கணக்கு பிசகினால்? இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்கும்படி கால்களை வலுவாக்கினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் பத்திரமாக இறங்கியது.

தரத்தில் யாரும் சமரசம் செய்துகொள்ளவில்லை. தவறு நடக்கும் என்பதை ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தலைமுறைக்கு அந்த மனம் அவசரமாகத் தேவை. தாமஸ் கர்ரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். தன்னிடம் ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம், 1989க்கும் 2016க்கும் இடையே 33 சதவீதம் கூடியிருந்தது. கட்-ஆஃப் மதிப்பெண்ணில் அரைப் புள்ளிக்காக அழுத நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பரீட்சையில் 100க்கு 100 உண்டு, அலுவலகத்தில் கிடையாது. கூகுளின் பொறியாளர்களே தங்கள் சேவைகளுக்கு 100 சதவீதத்தை இலக்காக வைப்பதில்லை. 99.9 சதவீதம் என்று வைத்தால், 30 நாளில் சுமார் 43 நிமிடம் சேவை தடைபடலாம். 'எரர் பட்ஜெட்' என்று அதற்கு முன்கூட்டியே கணக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். நாலு வரி மின்னஞ்சலைப் பத்து முறை திருத்துகிறவரும், இரவு பதினோரு மணிக்கு ஸ்லைடில் எழுத்தின் அளவை மாற்றிக்கொண்டிருப்பவரும் தமக்கென்று அப்படி எதையும் ஒதுக்கிக்கொள்வதில்லை. தூக்கம்தான் பறிபோகிறது.

மருந்தின் அளவிலும் பாலத்தின் கணக்கிலும் பிழை கூடாதுதான். அங்கும் ஒரே ஆள் கண்விழித்து மாய்வதைவிட, இன்னொருவர் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

ஆகவே, பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, வேலையில் சேர்ந்ததும் மேலதிகாரியிடம் கேளுங்கள்: இது எந்த அளவுக்கு வந்தால் போதும்? பாதி முடிந்ததுமே கொண்டுபோய்க் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை உங்களுக்குக் கீழே புதிதாக ஒருவர் வந்து சேரும்போது, அவருடைய முதல் பிழைக்குக் குரலை உயர்த்தாதீர்கள்.