"என்ன ஆளுங்க?" என்று கேட்காத வீடு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காதல், நட்பு, குடும்பம் பற்றிய நகைச்சுவை நாவல்களைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்ன இருக்கு என்று சிலர் கேட்கலாம். இங்கே காதலைப் பற்றிப் பேசணும்னா பிணவறை வாசலில் நின்று பேச வேண்டியிருக்கு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தார்கள். அதுக்கப்புறம் சிரிப்பு எங்கேயிருந்து வரும்? நியாயமான கேள்விதான். நான் அதைத் திருப்பிப் போடுகிறேன். சிரித்துக்கொண்டே முடிகிற காதல் கதை யாருக்குக் கிடைத்திருக்கிறது, யாருக்கு மறுக்கப்பட்டிருக்கிறது? இது இலக்கியக் கேள்வி மட்டுமில்லை, அதிகாரம் பற்றிய கேள்வி.

ஒரு நாவல் வரிசையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எழுத்தாளர் ஆர்மிஸ்டெட் மாப்பின் எழுதிய 'டேல்ஸ் ஆஃப் த சிட்டி'. 1976இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் தொடராக வந்தது. 1978இல் புத்தகமானது. 2024இல் வந்த 'மோனா ஆஃப் த மேனர்' வரை மொத்தம் 10 நாவல்கள்.

கிளீவ்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த மேரி ஆன் என்ற பெண், இனி ஊருக்கு வரப்போவதில்லை என்று தாய்க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பார்பரி லேன் 28ஆம் எண் வீட்டில் குடியேறுகிறாள். வீட்டுக்காரம்மா அன்னா மாட்ரிகல், புதிதாகக் குடிவருகிறவர்களின் கதவில் ஒரு கஞ்சாச் சுருட்டை ஒட்டிவைத்து வரவேற்கிற அம்மா. தன்பாலீர்ப்பு இளைஞன் மைக்கேல், வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஓட்டலில் பரிமாறுகிற பிரையன், வேலையிலும் காதலிலும் நிலைகொள்ளாத மோனா என்று ஊரில் யாருக்கும் பொருந்தாதவர்களெல்லாம் அங்கே இருக்கிறார்கள். போகப்போகத் தெரிகிறது: வீட்டுக்காரம்மா ஒரு திருநங்கை, மோனா அவருடைய முந்தைய வாழ்க்கையில் பிறந்த மகள். வேறு கைகளில் இது பெரிய துன்பியல் ஆகியிருக்கும். மாப்பின் இதைக் குழப்பங்களும் தற்செயல்களும் நிறைந்த கேலிக் கதையாக எழுதினார். கேலி செய்யப்பட்டது அவர்களை ஒதுக்கிய உலகம்தான்.

மாப்பின் எங்கிருந்து வந்தவர்? நிறவெறி ஊறிய தென்பகுதி, வட கரோலினா. அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி ஒருவரின் வழித்தோன்றல். இனப்பாகுபாட்டுக்கு வெளிப்படையாக வக்காலத்து வாங்கிய ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் பொறுப்பிலிருந்த தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1977இல் புளோரிடாவில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிராக அனிதா பிரையன்ட் என்ற பாடகி இயக்கம் நடத்தியபோது, நாவலில் மைக்கேலின் பெற்றோர் அதை ஆதரிக்கிறார்கள். மைக்கேல் தாய்க்கு ஒரு கடிதம் எழுதித் தன்னை யாரென்று சொல்கிறான். அந்தக் கடிதத்தின் வழியாகத்தான் மாப்பின் தன்னைத் தன் பெற்றோருக்கும் வெளிப்படுத்திக்கொண்டார். தொடர்கதை ஒரு மகனின் பிரகடனமாகவும் ஆனது.

தொடர்கதைக்கு ஒரு குணம் இருக்கு. கடைசியில் 'தொடரும்' என்று போடுவார்கள். நாளைக்கும் இவர்கள் இருப்பார்கள் என்று வாசகருக்குத் தருகிற வாக்கு அது. எய்ட்ஸ் அந்த நகரத்தைச் சூறையாடியபோது அந்த வாக்குக்கே சோதனை வந்தது. 1984இல் வெளியான 'பேபிகேக்ஸ்' நாவலில் மைக்கேலின் காதலன் ஜான் இறந்துபோயிருக்கிறான். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. சாவை மறைக்கவுமில்லை. 2007இல் வந்த நாவலுக்குத் தலைப்பே மைக்கேல் உயிரோடிருக்கிறான் என்பதுதான். நோயோடு 50 வயதைத் தாண்டிவிட்டான். ஒரு பக்கம் பெற்ற தாய் சாகக்கிடக்கிறாள். இன்னொரு பக்கம் அன்னா மாட்ரிகல் சாகக்கிடக்கிறார். அவன் அன்னாவிடம் நிற்கிறான். மாப்பின் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார். பெற்றது 'பயாலஜிக்கல்' குடும்பம், தேர்ந்துகொண்டது 'லாஜிக்கல்' குடும்பம். சொல் விளையாட்டுத்தான், ஆனால் ரத்தத்தின் புனிதத்தை அது ஒரே எழுத்து மாற்றம்போலத் தட்டிவிடுகிறது.

ரத்தப் புனிதம் என்ன வேலை செய்யுது என்று நமக்குத் தெரியும். 1916இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஒரு கட்டுரை படித்த இளைஞர் அம்பேத்கர், சாதியின் சாரமே அகமணம்தான் என்று நிறுவினார். 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் கலப்பு மணத்தை உண்மையான மருந்து என்றார். சாதிக்கு இருப்பிடம் கோயிலும் சேரியும் மட்டுமில்லை. நடுவீட்டில், கல்யாணப் பத்திரிகையில், படுக்கையறையில் இருக்கு. ஆகவே குடும்பம் எப்படி அமையணும் என்ற கேள்வி நமக்கு மேல்தட்டுப் பொழுதுபோக்கு இல்லை.

இப்போ இந்தப் பிரதியை நம்ம கண்ணால் பார்ப்போம். மாதாமாதம் சம்பளம் வாங்கும் வங்கி ஊழியன் நான். வீடு பார்க்கப் போனால் சம்பளத்தைக் கேட்கும் முன்னாடி கேட்பது "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான். அன்னா மாட்ரிகல் அதைக் கேட்பதில்லை. அந்த வீட்டை நான் விரும்புவதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அதே நகரத்தின் ஃபில்மோர் பகுதியிலிருந்து, நகரப் புதுப்பிப்பு என்ற பேரில், கறுப்பின மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மக்கள் பார்பரி லேனுக்கு வரவில்லை. முதல் நாவலில் கறுப்பின விளம்பர மாடலாக வரும் டொரோத்தியாவோ, வாய்ப்புக்காக மருந்து சாப்பிட்டுத் தோலைக் கறுப்பாக்கிக்கொண்ட வெள்ளைக்காரி! கறுப்பை நாகரிகப் பொருளாக்கிய விளம்பர உலகத்தின் மீதான கேலி அது, சரி. ஆனால் கறுப்பியின் நாற்காலியில் மறுபடியும் வெள்ளைக்காரிதானே உட்கார்ந்திருக்கிறாள்? கதவு திறந்திருக்கு என்பது மட்டும் போதாது. தெருவுக்குள்ளே யார் வர முடிகிறது என்றும் கேட்கணும்.

குறையைச் சொல்லிவிட்டு நாவலைத் தூக்கிப்போட நான் சொல்லவில்லை. அது செய்யாததை நாம் செய்யணும். அதற்கான பொருள் இங்கே கொட்டிக் கிடக்கு. வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கைகள் ஜமாத்துக்குள்ளே தாய், மகள் என்று உறவு கட்டி வாழ்கிறார்கள். சங்கர் கொல்லப்பட்ட பிறகு கௌசல்யா பெற்றவர்களிடம் போகவில்லை. சங்கரின் வீட்டாரோடு தங்கி, பெற்றவர்களுக்கு எதிராக வழக்கில் நின்றார். எந்த ரத்தம் கட்டிய குடும்பம் அது? 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் பிடித்துவைத்திருந்த ஒரு பெண்ணை அவளுடைய தோழியோடு போக விடுவித்தபோது, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. சட்டம் சொல்லிவிட்டது. இலக்கியம்?

நாம் ஒப்பாரியும் ஆவேசமும் நிறைய எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். அதோடு, சேரிப் பையனும் ஊர்ப் பெண்ணும் வாடகை வீட்டில் உப்புமா கருகியதற்குச் சண்டை போட்டு, பக்கத்து வீட்டுத் திருநங்கை அம்மா வந்து இரண்டு பேரையும் திட்டித் தீர்க்கிற ஒரு நாவலும் வேணும். அவர்கள் கடைசிப் பக்கத்திலும் உயிரோடு இருக்கணும், கிழவன் கிழவியாகிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கணும். உங்களில் யாராவது எழுதுங்கள், கொண்டுவாருங்கள். நம்ம பத்திரிகையில் போடுவோம்.