தூசியோடு வீட்டுக்கு வரும் நோய்

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில், விருத்தாசலத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் சில வருடங்களுக்கு முன் உதவி கேட்டு வந்தார். இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு. காசநோய் மருந்து ஒரு முறை முழுதும் சாப்பிட்டு முடித்து, இரண்டாம் முறையும் தொடங்கியிருந்தார். சத்துணவுக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுத்தோம். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் குடும்ப அட்டை எண் இருந்தது, வருமானம் இருந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை இருந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. அவர் 14 வருடம் பீங்கான் பட்டறையில் பால் மில் ஓடும் அறையில் மூட்டை பிரித்துக் கொட்டியவர். அதை அவரைப் பார்த்த மருத்துவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிறகு வெளியூரில் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். நோயின் பெயர் சிலிக்கோசிஸ்.

நம் ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனது மண்ணும் நெருப்பும். பீங்கான் பொம்மை, பியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று இங்கிருந்து போகாத ஊரில்லை. அந்தத் தொழிலைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அதில் உழைப்பவர் நெடுநாள் நலமாக உழைக்க வேண்டும் என்பதே நம் கவலை.

பீங்கான் கலவையில் களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக்கல் பொடி ஆகிய மூன்றும் சேர்கின்றன. குவார்ட்ஸ் என்பது படிக வடிவச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இருமினால், சிந்தினால் வெளியே வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு மைக்ரான். நான்கைந்து மைக்ரானுக்கும் குறைவான தூசி கண்ணுக்குத் தெரியாது. அதுதான் நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது. அங்கே அதை விழுங்க வரும் காவல் அணுக்கள் அதைச் செரிக்க முடியாமல் தாமே மடிகின்றன. அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, கடினமான முடிச்சாகிறது. முடிச்சு பெருகப் பெருக மூச்சுக்கு இடம் குறைகிறது.

இது பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் தூசியில் இருந்தவர்களுக்கு மெதுவாக வரும். தூசி மிக அதிகமானால் ஐந்து முதல் பத்து வருடத்தில் வரும்; அதைவிடக் கடுமையானால் சில மாதங்களிலும் வரலாம். தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. பிறகு மாடிப்படி ஏறினால் இளைப்பு, விடாத வறட்டு இருமல், அசதி. வயதாகிறது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்துத் தூசியை விட்டு விலகினால் பல வருடங்களைக் காப்பாற்றலாம்.

சிலிக்கோசிஸ் தனியாக வருவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நுரையீரலில் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அந்தச் சகோதரருக்கு இரண்டும் இருந்தன. சிலிக்கோசிஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, காசநோய் தொற்றும். ஆகவே வீட்டில் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். படிகச் சிலிக்கா புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-ல் அறிவித்தது. பீடியும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு.

சில அறிகுறிகள் கூட்டாக வரும்போது மருத்துவர்கள் அதைச் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1953-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கேப்லன் என்ற மருத்துவர், மூட்டுவாதம் உள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலில் தனி வகை முடிச்சுகளைக் கண்டார். அது கேப்லன் சிண்ட்ரோம். சிலிக்கா தூசியிலும் அது வரும். 1957-ல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் என்பவர் வேறொன்றைக் கண்டார்: தோல் இறுகும், குளிரில் விரல்கள் வெளுக்கும். இவை அரிதானவை. ஆனாலும், விரல் வீங்குகிறது, காலையில் கை மடங்கவில்லை என்று வாதத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் பட்டறைத் தொழிலாளி, மருத்துவரிடம் தன் வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நுரையீரலும் மூட்டும் வேறு வேறு கதையல்ல.

தடுக்க வழி உண்டா? உண்டு, அது பழைய வழி. இங்கிலாந்தின் பீங்கான் தொழிலில் சக்கிமுக்கிக் கல்லை உலர்வாக அரைத்தவர்கள் தூசியால் மடிந்தார்கள். 1726-ல் தாமஸ் பென்சன் என்பவர் அதைத் தண்ணீரோடு அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முந்நூறு வருடம் ஆகிறது. தண்ணீர் இன்றும் மலிவான மருந்து. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காற்றுக் குழாயை வைத்து உடையை ஊதிக்கொள்ளாதீர்கள். காய்ந்த பொம்மையின் பிசிறைப் பட்டைச்சீலையால் தேய்ப்பதைவிட ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது நல்லது. இந்த வேலையைச் செய்யும் சகோதரிகள் தங்களைத் தூசி வேலைக்காரர்களாக எண்ணுவதே இல்லை, எண்ண வேண்டும். மூட்டை கொட்டும் இடத்தில் தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறி கேட்பது நம் உரிமை.

கைக்குட்டையும் முந்தானையும் இந்தத் தூசியைத் தடுக்காது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் வேண்டும். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: தாடி உள்ள முகத்தில் அது இடைவெளியில்லாமல் பொருந்தாது. தாடி வைத்திருக்கும் சகோதரர்கள் முகக்கவசத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தலையை மூடும் காற்றுக் கவசங்கள் உண்டு, விலை அதிகம். ஆகவே தண்ணீரும் விசிறியும் அவர்களுக்கு இன்னும் முக்கியம்.

வேலை உடையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். அத்தாவின் சட்டையை உதறும் அம்மாவின் மூச்சிலும் அந்தத் தூசி போகிறது. பட்டறையிலேயே உடை மாற்றுங்கள். அழுக்குத் துணியை உதறாமல் தண்ணீரில் நனைத்துத் துவையுங்கள்.

1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக வைத்தது. 1923-ன் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் இதைத் தொழில்சார் நோய்களில் சேர்த்தன. ஆனால் இன்ன இடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் உரிமை காகிதத்தோடு நின்றுவிடும். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, பழைய எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போடாதீர்கள். பட்டறை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: உழைப்பவரின் மூச்சும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

நோன்பு மாதத்தில் காசநோய் மருந்தை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது எங்கள் படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்ந்துள்ளன. என்ன வேலை? எத்தனை வருடம்? தூசி உண்டா? மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். அந்தச் சகோதரர் இப்போது பட்டறைக்குப் போவதில்லை. சிறிய கடையில் உட்கார்ந்திருக்கிறார், பேசினால் இளைக்கிறது. அவருடைய மகன் அதே வேலைக்குப் போகிறான். அவனுக்கு முதல் எக்ஸ்ரே எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இனி வருடம் ஒரு முறை எடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். அப்படி எடுக்க வேண்டிய பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.