தரையிலிருந்து சுவருக்கு



சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் டச்சுக்காரர் கோட்டை இடிந்து கிடக்கிறது. அங்கிருந்து மெல்லிய துணிகள் கப்பலேறிய காலம் உண்டு. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்த வாணிகமும் மறைந்தது.

சந்தையை மட்டும் நம்பிய நெசவின் கதி இதுவே. பவானி ஜமக்காளத்துக்கும் அந்நிலை வரலாமா? தடித்த பருத்தி நூலில் வண்ணப் பட்டைகள் விளங்கும் அவ்விரிப்பில், திருமண வீடுகளில் அமர்ந்திருக்கிறோம். அதைக் கலையென்று எண்ணியதுண்டா?

மும்பையில் மோனிகா கொரேயா என்னும் அம்மையார், 1960களில் தொடங்கி, தறியின் அச்சை இடையில் அகற்றிப் பாவு இழைகளைத் தம்போக்கில் நெளியவிட்டார். சுவரை அணிசெய்யும் சித்திரங்கள் அவ்வாறு பிறந்தன.

நீங்களும் நெசவாளரிடம் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஜமக்காளம் சுவரேறும் நாளில், நெய்தவர் பெயரும் உரிய கூலியும் உடனேறட்டும்.